தழைப்பும் மருந்தும்: வளர்ச்சிப் பதார்த்தங்கள் மூலிகைப் பயிர்களை அடைந்த வரலாறு

நெற்பயிர் செழித்தால் நெல் பெருகும்; கரும்பு செழித்தால் சீனி பெருகும். உணவுப் பயிர்களைப் பொறுத்தவரையில் வளர்ச்சியும் விளைவும் பெரும்பாலும் ஒருங்கே செல்வன. மூலிகைப் பயிரின் இயல்போ வேறு. அதில் நாம் வேண்டிநிற்பது இலையுமன்று, பட்டையுமன்று. அவற்றினுள்ளே மிகச் சிறிய அளவில் அடங்கிக் கிடக்கும் ஒரு பதார்த்தமேயாகும். அப்பதார்த்தத்தைத் தாவரம் தன் வளர்ச்சிக்காக ஆக்குவதில்லை. பூச்சிகளிடமிருந்தும் கிருமிகளிடமிருந்தும் தன்னைக் காக்கும் பொருட்டே அது பெரும்பாலும் ஆக்கப்படுகின்றது. ஆகவே நன்கு தழைத்த செடி மருந்தில் வறியதாகவும், நலிந்த செடி மருந்தில் வளமுடையதாகவும் இருத்தல் கூடும். பயிரிடுவோன் நிறைக்கு விலை பெறுகின்றான். நோயாளியோ செறிவினாற் குணமடைகின்றான். இவ்விரண்டிற்குமிடையிலுள்ள முரண்பாடே தாவர வளர்ச்சிப் பதார்த்தங்களை மூலிகைகளிற் பயன்படுத்திய முயற்சிகள் யாவற்றின் ஊடாகவும் ஓடும் இழையாகும். அம்முயற்சிகளின் வரலாற்றை ஒருவாறு தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முரண்பாட்டை அறிவதற்கு நாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. நமது மலைநாட்டிலேயே அதற்கு ஒரு சான்றுண்டு. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை 1820 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு இரசாயனவியலாளரான பெல்லெத்தியேயும் கவந்துவும் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு ஏற்ற மருந்தாகிய அதனைத் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து மட்டுமே பெறவேண்டியிருந்தமை ஐரோப்பிய வல்லரசுகளுக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆங்கிலேயர் இந்தியாவிலும் இலங்கையிலும், ஒல்லாந்தர் யாவாவிலும் அம்மரத்தை நாட்டினர். இலங்கையில் 1861 ஆம் ஆண்டில் ஹக்கலைத் தோட்டம் இதற்கெனவே அமைக்கப்பட்டது. தொடக்கத்திற் கோப்பித் தோட்டத்துரைமார் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1869 இல் முதன்முதற் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் தோட்டங்களைப் படிப்படியாக அழித்த பின்னரே அவர்கள் சிங்கோனாவை நாடினர். 1880 களின் நடுப்பகுதியில் இலங்கை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டையை ஏற்றுமதி செய்தது. இத்தொகை வியப்புக்குரியது. ஆயின் அப்பட்டையின் பெரும்பகுதி குயினைன் குறைந்த இனங்களிலிருந்து பெறப்பட்டதாகும்.

யாவாவில் நிகழ்ந்தது வேறு. பொலிவியாவிலிருந்து மானுவேல் இங்க்ரா மமானி என்னும் பழங்குடியினர் திரட்டி, சாள்ஸ் லெட்ஜர் என்னும் வணிகர் அனுப்பிய விதைகளில் ஒரு பகுதியை ஒல்லாந்தர் 1865 இல் வாங்கினர். அவற்றிலிருந்து முளைத்த மரங்களின் பட்டையை மரம் மரமாகப் பகுத்து, குயினைன் அளவை நிர்ணயித்து, சிறந்தவற்றிலிருந்தே விதையும் ஒட்டும் எடுத்தனர். வீரியமாக வளரும் செம்பட்டைச் சிங்கோனாவின் வேர்மீது, மெலிந்து வளரும் ஆயின் மருந்து மிகுந்த லெட்ஜர் இனத்தை ஒட்டினர். வளர்ச்சியை ஓரினத்திலிருந்தும் மருந்தை மற்றோரினத்திலிருந்தும் பெற்ற இம்முறையை நுணுகி நோக்கின், பிற்காலத்து ஆய்வுகூடங்கள் தேடியலைந்த தீர்வொன்று தோட்டக்காரரின் கத்தியினால் அப்போதே எட்டப்பட்டுவிட்டது எனலாம். அளவுமீறிய உற்பத்தியினால் விலை வீழ்ந்தபோது இலங்கைத் தோட்டங்கள் சிங்கோனாவைப் பிடுங்கித் தேயிலையை நாட்டின. யாவா நிலைத்து நின்றது. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் உலகின் குயினைன் தேவையிற் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் அங்கிருந்தே சென்றது.

இக்காலத்து நிகழ்ச்சியொன்றையும் இங்கு குறிப்பிடாது விடல் தகாது. நீலகிரியிற் சிங்கோனாத் தோட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த மக்கைவர் என்பார் 1860 களில் ஒரு முறையைக் கையாண்டார். மரத்தை வெட்டி வீழ்த்தாமற் பட்டையை நீளவாட்டிற் கீற்றாக உரித்தெடுத்து, காயத்தைப் பாசியினால் மூடிவிடுவார். மூடிய இடத்திற் புதுப்பட்டை தோன்றும். அவ்வாறு மீண்டெழுந்த பட்டையிற் குயினைன் முன்னையிலும் கூடுதலாக இருந்தமை கண்டறியப்பட்டது. காயம்பட்ட மரம் ஏன் மருந்தை மிகுவிக்கின்றது என்பதற்கு அன்று எவரிடமும் விடையில்லை. அவ்வினாவுக்குப் பின்னர் மீள்வோம்.

வளர்ச்சியை ஆளும் பதார்த்தங்கள் தாவரத்தினுள்ளே உண்டு என்னும் கருத்து இதே காலப்பகுதியிலேயே உருவாயிற்று. சாள்ஸ் டார்வினும் அவர்தம் மைந்தர் பிரான்சிசும் 1880 இல் வெளியிட்ட நூலில், புல்லின் முளைக்குருத்தைப் போர்த்தியுள்ள உறையின் நுனியே ஒளியை உணர்கின்றது என்றும், அங்கிருந்து ஏதோவொரு தூண்டல் கீழே சென்று வளைவை உண்டாக்குகின்றது என்றும் காட்டினர். டென்மார்க்கைச் சேர்ந்த போய்சன் யென்சன் 1910 ஐ அடுத்த ஆண்டுகளில் அத்தூண்டல் செலற்றீன் துண்டினூடாகச் செல்லும் ஒரு பதார்த்தமே என நிறுவினார். ஒல்லாந்தின் உத்திரெக்ற் நகரிற் பிரிற்ஸ் வென்ற் என்னும் இளைஞர் 1926 தொடக்கம் 1928 வரை செய்த பரிசோதனைகளில், ஓற்ஸ் முளைநுனிகளை ஏகார்க் கட்டியின் மீது வைத்து, அதனுட் பரவிய பதார்த்தத்தின் அளவைக் குருத்துறையின் வளைவினாலேயே அளந்தார். 1934 இற் கோகலும் அவர்தம் உதவியாளரும் மனிதச் சிறுநீரிலிருந்து இந்தோலசற்றிக் கமிலத்தைப் பிரித்தெடுத்தனர். இதே ஆய்வுகூடம் அதற்கு முன்னர் ‘ஒட்சின் அ’, ‘ஒட்சின் ஆ’ என இரு பதார்த்தங்களை அறிவித்து, உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறச் செய்திருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த மாதிரிகளை 1966 இல் மீளாய்ந்தபோது அவை முற்றிலும் வேறு பொருள்கள் எனத் தெரியவந்தது. முப்பதாண்டுக் காலம் மாணவர் மனனம் செய்த இரு பதார்த்தங்கள் இயற்கையில் இருந்ததற்கே சான்றில்லாது போயின.

ஒட்சின்கள் முதன்முதலிற் பயிர்ச்செய்கைக்குப் பயன்பட்டது வளர்ச்சியை மிகுவித்தற்கன்று, வேர்விடச் செய்தற்கேயாம். 1935 ஐ ஒட்டி ஐக்கிய அமெரிக்காவின் பொய்ஸ் தொம்சன் நிறுவனத்தில் இந்தோல்பியூற்றிரிக் கமிலம், நத்தலீனசற்றிக் கமிலம் ஆகிய செயற்கைப் பதார்த்தங்கள் வெட்டுத்துண்டுகளை விரைந்து வேர்விடச் செய்வன எனக் கண்டனர். மூலிகைப் பயிர்களுக்கு இதன் முக்கியத்துவம் பெரிது. விதையிலிருந்து எழும் செடிகள் தம்முள் வேறுபடுவன; ஒன்றில் மருந்து மிகும், மற்றொன்றிற் குறையும். தெரிந்தெடுத்த ஒரு தாய்ச்செடியின் வெட்டுத்துண்டுகளோ அதன் குணத்தையே கொண்டனவாய் வளரும். 1942 இல் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்குக் குயினைன் அற்றுப்போயிற்று. அப்பொழுது அமெரிக்கர் அந்தீசு மலைக்காடுகளில் மீண்டும் சிங்கோனா தேடப் புறப்பட்டனர். உயர்ந்த மரங்களை வெட்டுத்துண்டினாற் பெருக்கும் முயற்சிக்கும் ஊக்கம் பிறந்தது. வளர்ச்சிப் பதார்த்தங்கள் மூலிகைகளுக்குச் செய்துள்ள உதவிகளில் ஐயத்துக்கிடமின்றி நன்மையென்று கூறத்தக்கது இவ்வேர்விடுவித்தலே என்பது என் கருத்து. ஏனையவற்றில் இலாபமும் இழப்பும் கலந்தேயுள்ளன.

கிபரெலினின் கதை இவற்றிலும் சுவையுடையது. யப்பானிய உழவர் தம் நாற்றுமேடைகளிற் சில நாற்றுகள் ஏனையவற்றிலும் விரைந்து நெடிது வளர்வதையும், ஆயின் அவை வெளிறி மெலிந்து கதிரீனாது வீழ்வதையும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அந்நோய்க்கு அவர்கள் ‘பக்கனே’ எனப் பெயரிட்டனர். மூட நாற்று என்பது அதன் பொருள். பொருளறிந்து இட்ட பெயரே அது. 1898 இல் ஹோரி என்பார் அதற்குக் காரணம் ஒரு பங்கசு எனக் காட்டினார். அன்று யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த தாய்வானிற் பணியாற்றிய குறோசாவா, 1926 இற் பங்கசை வளர்த்த திரவத்தை வடித்து, உயிர்க்கலம் எதுவுமில்லாத அவ்வடிதிரவமே நாற்றை நெடிதாக்கும் என நிறுவினார். தோக்கியோவில் யபூத்தா 1935 இல் அப்பதார்த்தத்துக்குக் கிபரெலின் எனப் பெயரிட்டார். 1938 இல் அவரும் சுமிக்கியும் அதனைப் பளிங்குருவிற் பெற்றனர்.

குறோசாவாவின் கட்டுரை வெளிவந்த ஏடு பேரவைகளின் பேரேடன்று. தாய்வானில் இயங்கிய ஓர் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏடு. யப்பானிய மொழியில் எழுதப்பட்ட இவ்வாராய்ச்சிகளை மேனாட்டார் ஏறக்குறைய கால் நூற்றாண்டாகப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்த பின்னரே, 1950 ஐ அடுத்து, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடங்களும் இங்கிலாந்தின் ஐ. சி. ஐ. நிறுவனமும் அவற்றைத் தேடிப் பெற்று, பங்கசை வளர்த்துக் கிபரெலிக் கமிலத்தைத் தனித்தெடுத்தன. ஒரு சிறு கழகத்தின் ஏட்டில், தம் மக்களின் மொழியில் எழுதுவது வீண் என்பாருக்கு இதனை நினைவூட்டலாம். அதே வேளை, அவ்வாறு எழுதப்பட்டது பிறமொழியாளரைச் சென்றடைய இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

கிபரெலிக் கமிலம் சந்தைக்கு வந்த 1950 களின் பிற்கூற்றில் அதனை எல்லாப் பயிர்களிலும் தெளித்துப் பார்க்கும் ஆர்வம் பரவிற்று. மருந்தியற் கல்லூரிகளும் பின்னிற்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாக ஒரிகன் மாநிலத்தில், ஊமத்தை, பெலடோனா, டிஜிற்றாலிசு ஆகிய செடிகளில் அது பரிசோதிக்கப்பட்டது. ஊமத்தையும் பெலடோனாவும் அத்திரோப்பீன், இசுக்கொப்பொலமீன் முதலிய அல்கலொயிட்டுகளைத் தருவன. கண் வைத்தியத்திலும் சத்திர சிகிச்சையிலும் அவை இன்றியமையாதன. தெளிக்கப்பட்ட செடிகள் வானளாவின என்று மிகைபடக் கூறாவிடினும் நன்கு நெடிதாயின. ஆயின் தண்டு நீண்டு இலை வெளிறியது. இலையில் அல்கலொயிட்டின் செறிவு பெரும்பாலும் குறைந்தது. யப்பானிய உழவர் இட்ட பெயர் இங்கும் பொருந்திற்று.

இதற்கு ஒரு காரணத்தை முன்னைய ஆராய்ச்சியொன்றிலிருந்து ஊகிக்கலாம். 1940 களில் ஊமத்தைத் தலையைத் தக்காளி வேர்மீதும், தக்காளித் தலையை ஊமத்தை வேர்மீதும் ஒட்டிப் பார்த்தனர். ஊமத்தை வேர்மீது நின்ற தக்காளியின் இலையில் அல்கலொயிட்டு சேர்ந்தது. தக்காளி வேர்மீது நின்ற ஊமத்தையிலோ அது அரிதாயிற்று. மருந்து ஆக்கப்படுவது வேரில். இலை அதன் களஞ்சியம் மாத்திரமே. கிபரெலின் தண்டையும் இலையையும் நீட்டுமேயன்றி வேரை அவ்வளவிற்குப் பெருக்குவதில்லை. களஞ்சியத்தை விரித்தோமேயன்றி அதனை நிரப்பும் வயலை விரித்தோமில்லை. இக்காலத்து அறிக்கைகளைப் படிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: சில அறிக்கைகள் செடியொன்றுக்குக் கிடைத்த மொத்த அல்கலொயிட்டைக் கூறுகின்றன, வேறு சில உலர்நிறையின் நூற்றுவீதத்தைக் கூறுகின்றன. செடி பெருத்தால் முன்னையது உயரும், பின்னையது தாழும். இவ்வேறுபாட்டைக் கருதாது ‘விளைவு கூடிற்று’ என எழுதும் வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்ததென்று கூறமுடியாது.

அடுத்த திருப்பம் வயலில் அன்றிக் கண்ணாடிக் குடுவையில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்திற் சுகூக், மில்லர் என்போர் 1955 இற் கைனெற்றின் என்னும் பதார்த்தத்தை அறிவித்தனர். கலப்பிரிவைத் தூண்டும் இவ்வகைப் பதார்த்தங்கள் பின்னர் சைற்றோகைனின் எனப்பட்டன. 1957 இல் அவர்கள் காட்டியது மேலும் முக்கியமானது. புகையிலைத் தண்டின் மையத்துண்டை வளர்ப்பூடகத்தில் இட்டு, ஒட்சினை மிகுத்தால் வேரும், சைற்றோகைனினை மிகுத்தால் அரும்பும், இரண்டும் ஒத்தாற் கட்டியான இழையமும் தோன்றின. இழையவளர்ப்பு என்னும் துறை இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. காட்டுமரத்தை வெட்டாது, வயலை உழாது, குடுவையிற் கலங்களைப் பெருக்கி மருந்து எடுக்கலாம் என்னும் நம்பிக்கையும் உடன் எழுந்தது.

கலங்களை விரைவாகப் பெருக்குவதற்கு ஆய்வாளர் பெரும்பாலும் நாடியது 2,4-டி என்னும் செயற்கை ஒட்சினையாகும். இது 1940 களிற் களைநாசினியாகப் புகழ்பெற்றது. வியட்நாம் போரிற் காடுகளை இலையுதிரச் செய்வதற்கு அமெரிக்கப் படை தெளித்த கலவையின் ஒரு கூறும் இதுவே. மிகச் சிறிய அளவில் இது கலங்களை ஓயாது பிரியச் செய்யும். ஆயின் பெருகிய கலங்களில் மருந்தைத் தேடியபோது பலவிடத்தும் ஏமாற்றமே எஞ்சிற்று. ஏன் என்பதற்குத் தெளிவான விடையொன்று யப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே தபாத்தாவும் அவர் குழுவினரும் ‘முரசாக்கி’ என்னும் செடியின் கலங்களை வளர்த்தனர். அதன் வேரிலுள்ள சிக்கோனின் என்னும் செந்நீலப் பொருள் புண்ணாற்றும் மருந்தாகவும் சாயமாகவும் யப்பானில் நெடுங்காலம் வழங்கிவந்தது. இந்தோலசற்றிக் கமிலமிட்ட ஊடகத்திற் கலங்கள் சிவந்தன. 2,4-டி இட்ட ஊடகத்தில் அவை நன்கு பெருகியும் நிறமற்றிருந்தன. 1974 இல் வெளிவந்த இம்முடிவு, வளர்ச்சியைத் தூண்டும் பதார்த்தமே மருந்தாக்கத்தைத் தடுக்கும் என்பதைக் கண்ணாற் காணும்படி செய்தது. அல்கலொயிட்டுகளிற் பெரும்பாலானவை நிறமற்றவை. அவற்றின் குறைவை நீண்ட இரசாயனப் பகுப்பினாலேயே அறியவேண்டும். இங்கோ குடுவையைப் பார்த்த மாத்திரத்தே விளங்கிற்று.

இதிலிருந்து பிறந்ததே இருபடி முறை. முதற்றொட்டியிற் கலங்கள் பெருகும். இரண்டாந்தொட்டியில், ஊடகத்தை மாற்றி, வளர்ச்சியை அடக்கி, மருந்தை ஆக்கச் செய்வர். மிற்சுயி நிறுவனம் 1983 இல் இம்முறையாற் சிக்கோனினை வணிக அளவில் உற்பத்தி செய்தது. வயலிற் சில ஆண்டுகள் காத்திருந்து எடுக்கும் வேரில் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்றிருந்த பதார்த்தம், ஏறக்குறைய மூன்று வாரத்திற் கலங்களின் உலர்நிறையிற் பத்து வீதத்துக்கு மேலாகக் கிடைத்தது. அது உதட்டுச் சாயமாக விற்கப்பட்டதே பெரும் புகழ் பெற்றது என்பது வேறு கதை.

இவ்வெற்றியை நம்பி எல்லா மூலிகைகளையும் தொட்டியில் ஏற்றிவிடலாம் என எண்ணியோரை நித்தியகல்யாணி திருத்திற்று. நம் ஊர்களிற் பட்டிப்பூ எனவும் வழங்கும் இச்செடியின் தாயகம் மடகஸ்கார். கனடாவில் றொபேட் நோபிள் என்னும் வைத்திய ஆய்வாளருக்கு 1952 இல் யமேக்காவிலிருந்து இதன் இலைகள் வந்துசேர்ந்தன. நீரிழிவுக்கு அங்குள்ளோர் இதன் கசாயத்தைக் குடிப்பர். பரிசோதித்தபோது குருதியிலுள்ள வெல்லம் குறையவில்லை. வெண்குருதிக் கலங்களே குறைந்தன. குருதிப் புற்றுநோய்க்கு இது உதவுமோ என்னும் ஐயம் அங்குப் பிறந்தது. 1958 இல் நோபிளும் பியரும் வின்பிளாத்தீனைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். எலி லில்லி நிறுவனத்தில் வின்கிறித்தீனும் கண்டெடுக்கப்பட்டது. சிறுவரைத் தாக்கும் குருதிப் புற்றுநோயின் சிகிச்சையில் இரண்டாவது இன்றளவும் இன்றியமையாத இடம் பெற்றுள்ளது. ஆயின் ஒரு கிராம் வின்பிளாத்தீனுக்கு ஏறத்தாழ அரைத் தொன் உலர்ந்த இலை வேண்டும். ஆகவே ஜேர்மனியிற் சென்க் முதலானோர் 1970 களில் இதன் கலங்களை வளர்க்க முற்பட்டனர். 2,4-டி நீக்கிய ஆக்க ஊடகத்தில் அஜ்மலிசின், சேர்ப்பென்றீன் முதலிய அல்கலொயிட்டுகள் நன்றாகத் தோன்றின. வின்பிளாத்தீன் மட்டும் தோன்றவில்லை. அதன் ஒரு பாதியாகிய விந்தொலீன் முழுமையுற்ற இலையின் சிறப்புக் கலங்களிலேயே ஆக்கப்படுவது; வேற்றுமையுறாத கலங்களின் திரளில் அதற்கு இடமில்லை. எந்த ஓமோனும் அக்குறையை நிரப்பவில்லை.

வயலிலே இச்செடியைக் கொண்டு செய்த முயற்சிகள் எதிர்த்திசையிற் சென்றன. வளர்ச்சியைத் தூண்டுவதற்குப் பதிலாக அதனைக் குறுக்கும் பதார்த்தங்கள் பரிசோதிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் 2000 களின் பிற்பகுதியில், திரையசோல் இனச் சேர்வைகள் செடியைக் குறுக்குவதோடு அதன் வேரில் அஜ்மலிசினை மிகுவித்தமையை வெளியிட்டனர். இச்சேர்வைகள் கிபரெலின் ஆக்கத்தைத் தடுப்பன என்பதை நினைவிற்கொண்டால், ஊமத்தையிற் கண்டதன் மறுதலையே இங்கு கண்டதென அறியலாம்.

இனி மக்கைவரின் பாசிக்கு மீள்வோம். 1962 இற் சுவிற்சர்லாந்தில், சாதிமல்லிகைத் தைலத்தின் நறுமணக் கூறாக மீதைல் யசுமொனேற்று பிரித்தறியப்பட்டது. மல்லிகை மணத்தை ஆராய்ந்தோர் தாவர ஓமோன் ஒன்றைத் தேடியவரல்லர். 1971 இல் ஒரு பங்கசிலிருந்து யசுமொனிக் கமிலம் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளாகப் பெறப்பட்டது. 1980 இல் யப்பானியர் அதே இனப் பதார்த்தத்தை எட்டியென்னும்படி கசக்கும் மாசிபத்திரி இனச் செடியொன்றில், இலையை முதிர்விக்கும் பொருளாகக் கண்டனர். 1990 இல் அமெரிக்காவிற் பாமரும் றையனும், அத்தகைய செடியிலிருந்து காற்றிற் பரவும் மீதைல் யசுமொனேற்று அருகிலுள்ள தக்காளியைப் பூச்சிக்கெதிராகத் தற்காப்புப் புரதங்களை ஆக்கச் செய்வதைக் காட்டினர். 1992 இற் சென்கின் குழுவினர் பல்வேறு தாவரங்களின் கலவளர்ப்புகளில் இதனை இட்டு, தற்காப்புப் பதார்த்தங்கள் மிகுவதைக் கண்டனர். காயத்தை அறிவிக்கும் ஓமோன் இதுவேயாயின், உரித்த பட்டை குயினைனில் வளம்பெற்றதன் கருத்தும் ஒருவாறு புலனாகின்றது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்ட மேற்பார்வையாளர் கத்தியாற் செய்ததை இரசாயனவியலாளர் துளிமருந்தாற் செய்தனர்.

இதன் பயன் யூ மரத்திலேயே பெரிதாக வெளிப்பட்டது. அம்மரப்பட்டையிலிருந்து பெறும் தக்சோலின் அமைப்பை வோல், வானி என்போர் 1971 இல் வெளியிட்டனர். புற்றுநோய்க்கு அது சிறந்த மருந்தென நிலைநாட்டப்பட்டபோது, மெதுவாக வளரும் அம்மரங்கள் பட்டைக்காக வெட்டப்பட்டு அழியும் நிலை எழுந்தது. 1996 இல் யப்பானிய ஆய்வாளர் யூ மரக் கலவளர்ப்பில் மீதைல் யசுமொனேற்றை இட்டுத் தக்சோலைப் பன்மடங்கு மிகுவித்தனர். 2000 களின் தொடக்கத்திலிருந்து அம்மருந்து தாவரக் கலவளர்ப்பினால் வணிக அளவிற் பெறப்படுகின்றது. சிங்கோனா பட்டையைத் தந்து மலைச்சாரல்களை இழந்தது. யூ அவ்வாறு முற்றாக இழக்காது தப்பியதற்கு இவ்வோமோனும் ஒரு காரணம்.

நமது நாட்டிலோ மூலிகைகளிற் பெரும்பகுதி இன்னமும் காட்டிலிருந்து எடுக்கப்படுவது அல்லது இறக்குமதி செய்யப்படுவது. மரமஞ்சள் என நாமும் வெனிவெல் எனச் சிங்களவரும் கூறும் கொடியை எடுத்துக்கொள்வோம். காய்ச்சலுக்கும் ஏற்புவலி வராது தடுத்தற்கும் கொத்தமல்லியோடு சேர்த்துக் காய்ச்சுவர். அதன் தண்டிலுள்ள மஞ்சட்பொருள் பேபெரீன் என்னும் அல்கலொயிட்டு. இக்கொடி மிக மெதுவாகத் தடிப்பது. விதை முளைப்பதும் அரிது. ஈரவலயக் காடுகளில் அருகிவருகின்றது. வெட்டுத்துண்டுகளை ஒட்சினில் நனைத்து வேர்விடச் செய்யும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. அவ்வாறு பெருக்கும் கொடி எந்தத் தாய்க்கொடியிலிருந்து எடுக்கப்படுகின்றது, அத்தாயின் தண்டிற் பேபெரீன் எவ்வளவு என்பதை முதலில் அளந்து, அதன் பின்னரே நாற்றுமேடையை அமைத்தல் வேண்டும். விரைவில் வேர்விடும் கொடியே மஞ்சள் மிகுந்த கொடியாக இருக்கும் என எதிர்பார்ப்பதற்கு எவ்வித ஆதாரமுமில்லை. ஹக்கலையில் அன்று நாட்டியோர் மரத்தை எண்ணினர். யாவாவில் நாட்டியோர் பட்டையைப் பகுத்தனர். பகுப்பதற்கு வேண்டிய கருவிகள் இன்று நமது பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலேயே உள்ளன.